கதவுத் தகரத்தில் நாலு பேர்

அச்சகத்தின் ஆண்டு மலருக்கு "இனிமையான பணி அனுபவம்" ஒன்று எழுதித் தரச் சொல்லி அங்கே இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டார்கள். இனிமை வேண்டுமென்றால் மிட்டாய்க்கடைக்குப் போங்கள் என்றேன். நான் சாத்தூர்க்காரி, என்னிடம் காரச்சேவுதான் கிடைக்கும். பிள்ளைகள் விடவில்லை. "கிரேஸக்கா, இப்ப வந்திருக்க சாஃப்ட்வேர்ல ஃபைலைப் போட்டா அதுவே பக்கம் கட்டி, அதுவே திருத்தி அனுப்பிருது. அந்தக் காலத்துல நீங்க எப்பிடித்தான் சமாளிச்சீக?" என்றாள், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சங்கரி. அந்தக் காலமாம்! நான் என்னவோ ஓலையில் எழுத்தாணியால் கீறிக்கொண்டிருந்த மாதிரி. நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துக்குப் பிந்திய கதை. அப்போது எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்டிருந்தது.

எங்கள் சபையில் பெண்பிள்ளை படித்தால் டீச்சராவாள், இல்லையென்றால் நர்ஸாவாள். நான் இரண்டும் ஆகாததால் ஜெபக்கூட்டத்தில் என் பெயரைத் தனியாகச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கப் போனேன். ஈயம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரோடு முதுகுவலியும் வந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

அச்சகத்தின் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். தாள், மை, கரண்ட் பில் இந்த மூன்றைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாத மனிதர். அவருக்கே திடீரென்று நவீனம் பிடித்து, சென்னையிலிருந்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரைக் கொண்டுவந்து இறக்கினார். பெயர் ஞானசேகர். மை நாறும் எங்கள் அச்சகத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நடந்த ஒரே ஆள் அவர்தான். அவரை யாரென்று தெரியாமல் யாரும் தவித்ததில்லை, இருந்தாலும் மாட்டியிருப்பார்.

ஞானசேகரின் பாணியைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். உட்கார்ந்து பேசமாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, பேனாவை டக்கு டக்கென்று அழுத்தியபடி திரையைப் பார்ப்பார். எந்த வேலையைச் சொன்னாலும், "சிம்பிள்தானே மேடம், ஒரு லைன் கோடு" என்பார். அந்த ஒரு வரி நிரலை எழுத எனக்கு மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் வந்து, "நான்தான் சொன்னேனே, சிம்பிள்னு" என்பார். மதியச் சாப்பாட்டை ஸ்கேனர் மேல்தான் வைப்பார். வத்தக்குழம்புக் கறையோடு எத்தனை கல்யாண மாப்பிள்ளைகளின் போட்டோ ஸ்கேன் ஆனதென்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அவர் கொண்டுவந்ததுதான் அந்த மாற்றுக் கருவி. கஸ்டமர் வேர்டில் அடித்துத் தரும் கோப்பை அதற்குள் போட்டால், இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி போட்டு வெளியே தள்ளும். எந்தக் குறி வந்தால் என்ன எழுத்து, எவ்வளவு பெரிசு, எந்த இடம் என்று நாம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டால் பக்கங்கள் தாமாகவே அமைந்துவிடும். கேட்க அருமையாகத்தான் இருந்தது. முதல் வேலையாக ஒரு பட்டாசுக் கடையின் விலைப்பட்டியலைப் போட்டோம். பட்டியலைவிட அதன் பொருளடக்கம் நீளமாக வந்தது.

காரணம் இதுதான். தடித்த எழுத்தில் இருந்தால் அது தலைப்பு என்று வெளிநாட்டில் அந்தக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கஸ்டமர் கடை பெயரைத் தடித்த எழுத்தில் அடிப்பார், சரம் பெயரைத் தடித்த எழுத்தில் அடிப்பார், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதையும் தடித்த எழுத்தில்தான் அடிப்பார். ஆக எல்லாமே தலைப்பு. ஒன்றை நடுவில் வைக்க வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரில் கட்டைவிரலை வைத்து, நடு வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அட்டவணை என்றால் புள்ளி, புள்ளி, புள்ளி. ஞானசேகர் பேனாவை அழுத்தியபடி, "கிளையண்ட் எஜுகேஷன் தேவை" என்றார். அண்ணாச்சி, "அவுகளப் படிக்க வைக்கவா நான் அச்சகம் நடத்துறேன்? மிசினப் படிக்க வைங்க" என்றார். மிசினைப் படிக்கவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெர்ல் என்ற நிரல்மொழியின் புத்தகம் ஒன்றை மதுரையில் நகல் எடுத்துவந்து படித்தேன். எல்லா வரியும் தடித்திருந்தால் எதுவுமே தலைப்பில்லை என்று ஒரு விதி எழுதினேன். ஸ்பேஸ் வரிசையாக வந்தால் நடுவில் வை என்று ஒன்று. புள்ளிகள் தொடர்ந்தால் அது கட்டம் என்று இன்னொன்று. ஒரு வருடத்தில் அந்த ஸ்கிரிப்ட் எங்கள் ஊர் வழக்கத்தையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டது. ஞானசேகர் அதற்குத் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிழை வந்தால் அவர் பெயரைச் சொல்லியே திட்டலாம் அல்லவா?

ப்ரூஃப் பார்க்கும் முறை ஒன்றிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாளைக் கஸ்டமரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் பிழை அவருடையது. எங்கள் பக்கத்து முதலாளிமார் ப்ரூஃபை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? முதலில் மேலே இருக்கும் சாமி படம். சாமி சிரிக்கிறாரா, கலர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து தன் பெயர், இனிஷியல். அப்புறம் போன் நம்பரை விரல் வைத்து இலக்கம் இலக்கமாகப் படிப்பார்கள். அவ்வளவுதான், "பேனா குடுங்க." ஒரு டியூஷன் சென்டர்க்காரர் முகவரியே இல்லாத நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் எங்கே வருவது என்று போன் செய்து கேட்டுக் கேட்டு அந்த நம்பர் பிரபலமாகிவிட்டது என்று பிறகு சந்தோஷமாகவே சொன்னார்.

இனி, கஷ்டமான வேலைக்கு வருகிறேன்.

ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம். அதன் முதலாளியை வெள்ளைச்சட்டை என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் எல்லா முதலாளியும் வெள்ளைச் சட்டைதான் போடுகிறார் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆலையில் ஒவ்வொரு அறைக் கதவிலும் பாதுகாப்பு அறிவிப்பு இருக்க வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் அழியாமல் இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கண்டித்துவிட்டுப் போயிருந்தார். அதனால் தகரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து மாட்டுவதாக முடிவு. அறைவாரியாக ஒரு நீண்ட அட்டவணையை வேர்டில் கொண்டுவந்தார். அறை எண், அங்கே நடக்கும் வேலை, உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், வெடிமருந்து எவ்வளவு வைக்கலாம் என்று நான்கு கட்டங்கள். ஒரு வரிசைக்கு ஒரு தகரம் என்று ஸ்கிரிப்ட் பிரித்துக் கொடுத்துவிடும். அதன் பிறப்பே இந்த மாதிரி வேலைக்குத்தான்.

"ரெண்டு செட் வேணும்" என்றார் வெள்ளைச்சட்டை. "ஆபீசருக்குக் குடுக்கிற பேப்பர் செட்டுல எல்லாம் இருக்கட்டும். கதவுல மாட்டுற தகரத்துல மட்டும் அந்த ஆள் எண்ணிக்கைய வெறுமையா விட்டுருங்க. கறுப்பா ஒரு கட்டம் போட்டு விடுங்க, நாங்க சாக்பீஸ்ல எழுதிக்கிறோம்."

"எதுக்கு ஐயா சாக்பீஸ்? அட்டவணையிலதான் நாலுன்னு இருக்கே" என்றேன்.

அவர் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏம்மா, ஆபீசர் வர்ற அன்னைக்கு நாலு. சீசன் வந்தா சீசனுக்குத் தக்கன. இதென்ன, சிலேட்டுப் பலகையில கணக்குப் போட்டதில்லையா நீங்க?"

ஞானசேகர் பேனாவை அழுத்தினார். "சிம்பிள்தான் சார். ஒரே சோர்ஸ், ரெண்டு அவுட்புட். கஸ்டமைஸ் பண்ணிடலாம்." அவருடைய வாழ்நாளில் அதைவிட அழகான ஒரு வாய்ப்பு வந்திருக்காது, முகமெல்லாம் பல்.

என் தங்கை எஸ்தர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். ஏழாயிரம்பண்ணையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் நோயில் படுத்த பிறகு கம்பெனி வேனில் ஏறிப்போய்ச் சங்குசக்கரத்துக்கு வெடிமருந்து அடைத்தாள். போன சீசனில் அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "நாலு பேரு உக்கார்ற ரூம்ல ஒம்போது பேரு அக்கா. காலை நீட்டக்கூட எடமில்ல. ஆபீசரு வர்றார்னா அஞ்சு பேரு வெளிய ஓடி வேலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். ஒருநா ஒரு முள்ளு குத்தி, அந்தப் பிள்ள கத்தவும் முடியாம..." அப்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

வெள்ளைச்சட்டை போனதும் ஞானசேகரிடம் சொன்னேன். "சார், அந்த எண்ணு ஒண்ணுதான் அந்தத் தகரத்துலயே உசிரைக் காப்பாத்துறது. மத்ததெல்லாம் அலங்காரம்."

"மேடம், கிளையண்ட் கேக்கிறதைக் குடுக்கிறதுதான் நம்ம ஸ்கோப். ஆள் எண்ணுறது அவங்க ஸ்கோப்."

"என் தங்கச்சி அவுக ஸ்கோப்புலதான் உக்காந்திருக்கா சார்."

பேனா சத்தம் நின்றது. பிறகு, "ரூல் எழுதிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆர்டர் பெரிசு, தகரம் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. அவர் என்ன சொல்வாரென்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

விதியை எழுதினேன். சொன்னபடி, ஒரே வரி. கதவுத் தகரத்துக்கான வெளியீடு என்றால் மூன்றாம் கட்டத்தை வெறுமையாக்கு என்பது அதன் பொருள். எழுதி, ஓட்டி, சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்த்தேன். செய்தது. கறுப்புக் கட்டம் வெறுமையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அப்புறம் அந்த வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டேன். பெர்லில் அந்தக் குறி முன்னால் இருந்தால் அந்த வரியைக் கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். வரி இருக்கும், வேலை செய்யாது. எங்கள் ஊரில் பல கமிட்டிகள் அப்படித்தான் இருக்கின்றன. மறுபடி ஓட்டினேன். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையில், தூரத்திலிருந்தே தெரிகிற அளவில், '4 பேர் மட்டும்' என்று வந்து நின்றது.

யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ப்ரூஃபை ஒளிக்கவில்லை. அந்த எண்ணோடு, முழு அளவில், வெள்ளைச்சட்டையின் மேசையில்தான் விரித்தேன்.

வெள்ளைச்சட்டை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தகரத்தின் உச்சியில் முருகன் படம் வேண்டுமென்று கேட்டிருந்தார். எரியக்கூடிய ஓர் அறையின் கதவில் முருகனுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"முருகன் கண்ணு சின்னதா இருக்கே" என்றார்.

"பெரிசாக்கிரலாம் ஐயா."

"மயிலு தோகை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கு."

"முழுசா வச்சிரலாம் ஐயா."

கம்பெனி பெயரைப் படித்தார். இனிஷியலைப் படித்தார். போன் நம்பரை விரல் வைத்துப் படித்தார். நம்பருக்கு நேர் மேலே, அவர் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி, '4 பேர் மட்டும்' இருந்தது. விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை. முருகனின் கண்ணையும் தோகையையும் திருத்திக்கொண்டு மறுநாள் போனேன். "இப்பத்தான் களை வந்திருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனாலும் அன்று அந்த முருகனை ஒருமுறை நன்றியோடு பார்த்தேன்.

தகரம் அடித்து, ஆலைக்குப் போய், கதவுகளில் ஆணியும் அறைந்தாகிவிட்டது. மாட்டியவன் வாசித்திருக்கமாட்டான். முதலாளி வடநாட்டு ஆர்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். சீசன் ஆரம்பித்து, எஸ்தரின் அறைக்குள் போர்மேன் ஐந்தாவதாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அங்கே நடந்ததை அன்று சாயங்காலமே எஸ்தர் போனில் நடித்துக்காட்டினாள்.

"வாசல்ல என்ன போட்டிருக்கு, வாசிங்க போர்மேன்" என்றாளாம் எஸ்தர்.

"அது கெடக்கு. நீ தள்ளி உக்காரு."

"எங்கிட்டுத் தள்ள? நாலு பேரு மட்டும்னு நீங்கதான அடிச்சு மாட்டுனீக? ஒரு உசிரு கூடிருச்சுன்னா யாரு பதில் சொல்றது, நீங்களா, அந்தத் தகரமா?"

"சாக்பீஸ்ல அழிச்சு எழுதிக்கிறலாம்னு சொன்னாகளே முதலாளி..." என்று போர்மேன் துணியை எடுத்துத் துடைத்துப் பார்த்தாராம். அச்சு அழியுமா? அடுத்த அறைகளிலும் பெண்கள் கதவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய அறிவிப்பு எந்தக் காலத்திலோ மங்கிப்போயிருந்தது, இவ்வளவு பெரிய எழுத்தில் அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை வெள்ளைச்சட்டை அச்சகத்துக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணாச்சி, ஞானசேகர், நான் மூன்று பேரும் நின்றோம்.

"ஏம்மா, வெறுமையா விடச் சொன்னா நாலுன்னு அடிச்சு வச்சிருக்கீகளே, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ப்ரூஃப்ல நீங்கதான் ஐயா கையெழுத்துப் போட்டீக."

"நான் முருகனப் பாத்தேன்!"

அண்ணாச்சி கோப்பிலிருந்து ப்ரூஃபை எடுத்து மேசையில் வைத்தார். "பாத்தீக, சரி. முருகனுக்குக் கீழயும் ஒரு எட்டுப் பாத்திருக்கலாம்ல? கையெழுத்துப் போட்டது போட்டதுதான். மறுபடி அடிக்கணும்னா ஒவ்வொரு கதவுக்கும் தனி ஸ்கிரீன், தனித் தகரம், புது ஆர்டர்." அண்ணாச்சிக்கு எஸ்தரைத் தெரியாது, தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அவர் காப்பாற்றியது தன் தகரத்தை. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லாமல் இல்லை.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று வெள்ளைச்சட்டை குதித்தார். "சார், நீங்க காட்டுங்க" என்று ஞானசேகரைப் பிடித்துக்கொண்டார்.

ஞானசேகர் என் கணினியில் அந்த ஸ்கிரிப்டைத் திறந்தார். மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினார். அந்த வரி வந்தது. முன்னால் அந்தக் குறியும் இருந்தது. அவர் விரல் நின்றுவிட்டது. இந்த மனுஷனிடம் இத்தனை வருடம் வாயாடியதற்கெல்லாம் இன்றைக்கு வட்டியும் முதலுமாகக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேனாவை ஒரே ஒரு முறை அழுத்தினார். பிறகு கோப்பை மூடினார்.

"ரூல் எழுதியிருக்காங்க சார், இருக்கு. டூல்ல ஏதோ பக், கோளாறு" என்றார். "வெளிநாட்டு டூல். நாம ஒண்ணும் பண்ண முடியாது."

அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அந்த ஒரு நாள் எனக்கு ஞானசேகரை மிகவும் பிடித்திருந்தது. அடுத்த நாள் தயிர்சாதத்தை ஸ்கேனர் மேல் வைத்து என் பிடித்தத்தைத் தீர்த்துவைத்தார். அந்தக் குறியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வெள்ளைச்சட்டை பெயிண்ட் அடித்து எண்ணை மறைக்கலாமா என்று கேட்டார். ஆபீசர் கையில் இருக்கிற பேப்பரில் நாலு என்று இருக்க, கதவில் மட்டும் பெயிண்ட் இருந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்றார் அண்ணாச்சி. வெள்ளைச்சட்டை முனகிக்கொண்டே கிளம்பிப் போனார். அந்த சீசனில் மருந்தறைகளில் நாலு பேர்தான் உட்கார்ந்தார்கள். மிச்சப் பெண்களைத் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் லேபிள் ஒட்டவும் பெட்டி கட்டவும் வைத்தார். லோடு தாமதமானதற்கு எங்கள் அச்சகத்தைத்தான் ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தாராம், திட்டட்டும்.

தீபாவளி நெருங்கும் நேரம். ஒருநாள் உச்சிப்பொழுதில் தெற்கே ஒரு சத்தம் கேட்டது. இந்தப் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடிப் புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. எஸ்தரின் கம்பெனி, எஸ்தரின் அறை. எந்த பஸ்ஸில் ஏறினேன், யார் என்னை ஏற்றிவிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழியெல்லாம் வாய் மட்டும் பைபிளிலிருந்து ஏதோ ஒரு சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

சிவகாசி ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. முன்மயிர் கருகி, புருவம் இல்லாமல் யாரோ மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏன் இப்பிடி அழுகுற, சோறு ஏதாச்சும் வாங்கிட்டு வந்தியா?" என்றாள். அறை தரைமட்டம், ஆனால் உள்ளே இருந்த நாலு பேரும் பிழைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்களில் மற்ற மூன்று பேரும் படுத்திருந்தார்கள்.

சாயங்காலம் வெள்ளைச்சட்டை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் நெற்றியிலும் திருநீறு பூசினார், எங்கள் எஸ்தருக்கும் சேர்த்துத்தான். "எல்லாம் முருகன் செயல்மா. வாசல்லயே நின்னு காப்பாத்திட்டான்" என்று கண் கலங்கச் சொன்னார். அடுத்த வருடத் தகரத்தில் முருகனை இன்னும் பெரிதாகப் போடவேண்டும் என்று என்னிடம் ஆர்டரும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் முதுகில் எறிந்திருப்பேன், எஸ்தர் இடதுகையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் போன பிறகு எஸ்தர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா" என்றாள். "பொறி விழுந்ததும் எந்திரிச்சு ஓடுனோம். ஒருத்திக்குப் பின்னால ஒருத்தியா வாசலத் தாண்டுறதுக்குள்ள தீ வந்துருச்சு. நாந்தான் கடைசி. என் கை அதுலதான் வெந்துச்சு. ஓடும்போது திரும்பிப் பாத்தேன், எனக்குப் பின்னால யாரும் இல்ல."

கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போன வருசம் எனக்குப் பின்னால அஞ்சு பேரு உக்காந்திருந்தாக, அக்கா."